பிள்ளைகளின் பங்கை முதலில் கொடுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 26. இரண்டு வருஷத்துக்கு முன் நானும் ஒரு நண்பனும் சேர்ந்து விடியூபர் ஏஜென்சி தொடங்கினோம். முகம் காட்டாமல், கார்ட்டூன் உருவத்துக்குப் பின்னால் இருந்து பேசி, பாடி, கேம் விளையாடி லைவ் போடும் வேலை. ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒரு பெண்ணுக்கு 17 வயது. அம்மாவின் நகையை வங்கியில் வைத்து 3 லட்சம் எடுத்து ஐவருக்கும் மாடல், அதாவது அந்தக் கார்ட்டூன் உருவம், செய்து கொடுத்தேன். வரைந்த உருவத்தை அசையவைக்கும் லைவ்2டி ரிக்கிங் வேலையும் இந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். வட்டி மாதம் சுமார் 2,500, எடிட்டருக்கு 8,000. யூடியூப் பிடித்தம் போக வருமானம் 18,000. அதில் 40 சதவீதம் ஏஜென்சிக்கு. 12,000 ஒரே பெண்ணின் சேனலில் வருகிறது. அவள் விலகுகிறேன், மாடலையும் கொடுங்கள் என்கிறாள். மூன்று மாதமாக யாருக்கும் பங்கு கொடுக்க முடியவில்லை. நாங்கள் நன்றாகத்தானே உழைத்தோம்? சின்ன ஏஜென்சிகள் ஏன் இப்படி மூடிப்போகின்றன? அவளை விடுவதா, வேண்டாமா?

பதில்: அன்புள்ள தம்பி, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு தாளை எடுத்து நீங்கள் எழுதிய எண்களையே வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

18,000-இல் 40 சதவீதம் என்றால் 7,200. எடிட்டரும் வட்டியும் சேர்ந்து 10,500. மாதம் 3,300 துண்டு விழுகிறது. துண்டு விழுந்த பணம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய 10,800-லிருந்துதான். நீங்கள் திருட நினைக்கவில்லை என்று தெரியும். எல்லாப் பணமும் ஒரே கணக்கில் விழுந்ததால், எது உங்களுடையது, எது அவர்களுடையது என்ற கோடு அழிந்துவிட்டது. மூன்று மாதப் பாக்கி 32,400. அதில் 21,600 அந்த ஒரு பெண்ணுடையது.

இப்போது அவள் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். லைவ் பார்க்கும் ரசிகர் ஒருவர் பணத்தோடு செய்தி அனுப்பும் சூப்பர் சாட்டில் 100 ரூபாய் போட்டால் யூடியூப் 30 எடுக்கும், உங்களுக்கு 28 போகும், அவள் கையில் 42. அந்த 28-க்கு ஈடாக மாடல் கிடைத்தது, அது தொடக்கத்தில் ஒரு முறை. அதன் பிறகு மாதாமாதம் அவளுக்கு என்ன கிடைக்கிறது? விளம்பர வாய்ப்பு பிடித்துத் தந்தீர்களா, படம் போட்ட பொருள்கள் விற்றீர்களா, தொல்லை கொடுக்கும் ரசிகர்களைக் கவனிக்க ஆள் வைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அவள் தரும் 4,800-தான் மற்ற நால்வரின் செலவையும் தாங்குகிறது. அவள் போனால் உங்கள் பங்கு 2,400, வட்டிக்கே போதாது. சின்ன ஏஜென்சிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. நன்றாக வளர்பவருக்கு ஏஜென்சி தேவைப்படாமல் போகிறது, வளராதவர்களை வைத்து ஏஜென்சி ஓடாது.

பெரிய நிறுவனங்கள் மட்டும் எப்படி நிற்கின்றன என்று கேட்பீர்கள். கிசுனா ஐ என்ற கார்ட்டூன் உருவம் 2016-இன் கடைசியில் தன்னை வர்ச்சுவல் யூடியூபர் என்று சொல்லிக்கொண்டு வந்தபின் ஜப்பானில் இது தொழிலாக வளர்ந்தது. நிஜிசான்ஜி என்ற விடியூபர் ஏஜென்சியை நடத்தும் எனிகலர் நிறுவனம் 2022-இலும், ஹோலோலைவ் என்ற ஏஜென்சியை நடத்தும் கவர் நிறுவனம் 2023-இலும் டோக்கியோ பங்குச் சந்தைக்கு வந்தன. அவர்களுக்கு லைவில் விழும் பணத்தைவிடப் பொம்மை, பேட்ஜ் போன்ற பொருள் விற்பனையில்தான் அதிகம் வருகிறது. அதே நிஜிசான்ஜி 2020-இல் இந்தியாவுக்கென்று ஒரு கிளை தொடங்கி 2021-லேயே மூடிவிட்டது. அவ்வளவு பெரிய கைக்கே இங்கே பிடி கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பார்வையாளர் அன்பாகப் பார்ப்பார், பணம் போடுவது குறைவு. வெளிநாட்டுப் பார்வையாளரைப் பிடிக்க உங்கள் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும்.

முதலீடு இருந்திருந்தால் பிழைத்திருப்போம் என்றும் எண்ணாதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் தொடங்கிய விஷோஜோ, 2022-இல் 1.1 கோடி டாலர் முதலீடு திரட்டிய விடியூபர் நிறுவனம். 2025 ஜூலையில் அதன் முன்னணி முகமான அயர்ன்மவுஸ், தனக்குப் பணம் வரவில்லை, நோய் எதிர்ப்புக் குறைபாட்டு அறக்கட்டளைக்காக ரசிகர்களிடம் திரட்டிய 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையும் போய்ச் சேரவில்லை என்று சொல்லி வெளியேறினார். மற்றவர்களும் விலக, சில நாள்களில் நிறுவனம் மூடப்பட்டது. தொகைதான் வேறு தம்பி, நடந்தது உங்கள் வீட்டில் நடப்பதேதான்.

எங்கள் மாமா ஒருவர் தவில் வாசித்தவர். அவர் போன செட்டில் நாதஸ்வரக்காரர்தான் தலைவர். முகூர்த்தம் முடிந்து பணம் கைக்கு வந்ததும், பந்தலிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து தவிலுக்கு, ஒத்துக்கு, தாளத்துக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். தன் பங்கைக் கடைசியில் எடுப்பார். வீட்டில் அரிசி இல்லாத மாதத்திலும் அப்படித்தான் செய்தார் என்று மாமா சொல்வார். முப்பது வருஷம் அந்த செட் கலையவில்லை.

அவளை விடுங்கள். மாடலையும் கொடுங்கள். பொய்க்கால் குதிரையின் கூடு யாரிடமும் இருக்கலாம், மரக்கால் கட்டி ஆடத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது மூலையில்தான் கிடக்கும். அந்த உருவத்தில் வேறு குரலை வைத்து ஓட்டலாம் என்று உங்கள் நண்பர் யோசனை சொல்லியிருப்பார். 2019-இல் கிசுனா ஐ-க்கே வேறு குரல்களைச் சேர்த்தபோது ரசிகர்கள் பொறுக்கவில்லை. வரைந்தவரிடமும் ரிக்கிங் செய்தவரிடமும் எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு, உரிமையை அவள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். அவளுக்கு வைத்திருக்கும் பாக்கியில் ஒரு பகுதிக்கு ஈடாக மாடலை எடுத்துக்கொள்வாளா என்று கேட்கலாம். அவள் சம்மதித்தால் மட்டும். விலகியபின் ஒரு வருஷம் வேறெங்கும் லைவ் போடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதை நம்பி மிரட்டாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாது என்கிறது. 17 வயதுப் பெண்ணிடம் வாங்கிய கையெழுத்தும் செல்லாது. அந்தப் பிள்ளையின் பெற்றோரை நேரில் போய்ப் பாருங்கள், இந்த வாரமே.

மற்ற நால்வரை வைத்து இன்னும் ஆறு மாதம் இழுத்துப் பார்க்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். கடன் கூடும், பாக்கி கூடும், நட்பு முறியும். கையில் கொஞ்சமாவது இருக்கும்போது மூடினால்தான் எல்லோருக்கும் கொடுத்து முடிக்க முடியும். இன்றே எடிட்டரை நிறுத்துங்கள். கூகுளிலிருந்து மாதம் 21 தேதிக்குமேல் வரும் பணத்தில் முதல் ரூபாய் பிள்ளைகளுக்கு. சேனல்களின் உரிமையை ஒவ்வொருவரின் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். அவர்கள் கொடுத்த ஆதார் நகல், வீட்டு முகவரி, வாட்ஸ்அப் பேச்சு எதுவும் வெளியே போகக்கூடாது. முகம் தெரியாது என்ற நம்பிக்கையில் வந்தவர்கள் அவர்கள். கோபத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால்கூட ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் அந்நியன் வந்து நிற்கலாம்.

நகைக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் கனக்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் லைவ்2டி ரிக்கிங் கற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏஜென்சி இல்லாமல் தனியாக லைவ் போடுபவர்கள் அந்த வேலைக்குக் காசு கொடுத்து ஆள் தேடுகிறார்கள். ஐந்து மாடல் உங்களிடம் மாதிரிக்கு இருக்கின்றன, ஐவரிடமும் அனுமதி கேட்டு அவற்றைக் காட்டுங்கள். குறுவை அறுத்த பணத்தில் மீட்டுவிடலாம் என்று அப்பா சொன்னால் வாங்காதீர்கள். அது உரத்துக்கும் சம்பா நடவுக்கும் உரியது.

மூடுவதை ஒரு மாதம் முன்பே ரசிகர்களுக்குச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கடைசி லைவ் வையுங்கள், அன்று விழும் பணத்தில் ஏஜென்சி பங்கு எடுக்க வேண்டாம். பழைய வீடியோக்களை அழிக்காதீர்கள்.