மரபணு இரட்டிப்பானால் புற்றுநோய் வந்தே தீருமா?

"புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு ஒரு விலங்கில் இரட்டிப்பாக இருந்தால் உடம்பெல்லாம் கட்டி வர வேண்டாமா? எது அடக்கி வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பாடத்தில் படிக்கும் முன்பே, சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுப் பின்புறச் சிமெண்ட் தொட்டியில் பார்த்துவிட்டேன், என்னவென்று தெரியாமல்.

பள்ளிக்கூட நாட்களில் மீன் வளர்ப்புப் பைத்தியம். கரும்புள்ளி போட்ட பிளாட்டியையும் பச்சை வாள்வால் மீனையும் சேர்த்து விட்டேன். குஞ்சுகள் தாயைவிடக் கறுப்பு. இன்னும் கறுப்பாக வரட்டும் என்று அவற்றை மறுபடி வாள்வாலோடு ஜோடி சேர்த்தேன். அந்தக் குஞ்சுகளில் சிலவற்றுக்கு முதுகுத் துடுப்பில் கறுப்பு தடித்து, கட்டியாகி, துடுப்பையே தின்றது. "என்ன கண்ணு, மீனுக்கு மச்சம் பெருசாயிட்டே போகுது?" என்றார் அம்மாயி. கடைக்காரர் பூஞ்சை என்று மருந்து கொடுத்தார். கல் உப்பும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

எம்.எஸ்சி. வகுப்பில்தான் விளங்கியது. இந்தக் கலப்பில் கருநிறப் புற்று (மெலனோமா) வருவதை 1920களின் கடைசியிலேயே கார்டன், கோஸ்விக் போன்ற ஆய்வாளர்கள் தனித்தனியாகக் கண்டு எழுதிவிட்டார்கள். குற்றவாளி மரபணு 1989இல் சிக்கியது. பெயர் எக்ஸ்எம்ஆர்கே. 'பெருகு' என்ற செய்தியைச் செல்லின் மேற்பரப்பில் வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி மரபணு இரட்டித்து உருவான நகல் அது. மூல மரபணு தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறது. நகலிலோ இரண்டு கோளாறு. ஒன்று, செய்தி வராமலே ஏற்பிகள் தாமாக ஜோடி சேர்ந்து எப்போதும் 'பெருகு' என்கின்றன. மற்றது, வேறொரு மரபணுவின் இயக்குபகுதி (மரபணு எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் துண்டு) அதன் முன்னால் ஒட்டிக்கொண்டதால் நிறமிச் செல்களில் அது விழித்துக்கொள்கிறது.

அப்படியானால் அசல் பிளாட்டி ஏன் பிழைக்கிறது? வேறொரு குரோமோசோமில் இதை அடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வாள்வாலுக்கு நகலும் கிடையாது, அடக்கியும் கிடையாது. நான் செய்தது போல கலப்புக் குஞ்சை வாள்வாலோடு திரும்பச் சேர்த்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து போகும். குஞ்சுகளில் பாதிக்கு நகலே வராது. கால்வாசிக்கு நகலும் அடக்கியும் வரும், வெறும் கறுப்போடு போய்விடும். மீதிக் கால்வாசிக்கு அடக்கி இல்லாத நகல். அதுதான் கட்டி. என் தொட்டியில் எத்தனை என்று அப்போது எண்ணத் தோன்றவில்லை. இன்றும் அந்த வருத்தம் உண்டு.

இரட்டிப்பு என்றாலே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. யானைக்கு டிபி53 என்ற காவல் மரபணு ஒன்றோடு கிட்டத்தட்ட 19 நகல்கள் உண்டு. 2015இல் வெளிவந்த சேதி. டி.என்.ஏ. சேதமானால் யானைச் செல், கட்டியாக மாறும் முன்பே, சட்டென்று தன்னையே அழித்துக்கொள்கிறது.

மனிதக் கட்டியில் நடப்பது வேறு வகை. மார்பகப் புற்றில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தில், அதே ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்2 மரபணு கட்டியின் செல்லுக்குள்ளேயே பல பிரதிகளாகப் பெருகுகிறது. பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. பக்கத்திலுள்ள நல்ல திசுவைச் சோதித்தால் வழக்கமான எண்ணிக்கைதான் இருக்கும்.

நீங்களும் மீன் வளர்ப்பவர் என்றால் ஒன்று: கடையில் வாங்கும் பிளாட்டியும் வாள்வாலும் பெரும்பாலும் ஏற்கெனவே கலப்புதான். கறுப்பு தடிக்கும் மீனை ஜோடி சேர்க்காமல் தனியாக எடுத்து விடுங்கள். உப்பு வேண்டாம்.