யார் யார் பார்த்தாங்க?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. வலிப்புக்கு லெவடிரசெட்டம் கொடுக்க ஆரம்பித்து எட்டு மாதமாகிறது, அதிலிருந்து ஃபிட்ஸ் இல்லை. ஆனால் கோபம் தாங்க முடியவில்லை. தட்டை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான், அப்புறம் தானே அழுகிறான். பள்ளியில் நாங்கள் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. அவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். வேறு பள்ளிக்கு மாற்றலாமா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

பள்ளி விஷயம் அப்புறம். மாமியார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். லெவடிரசெட்டம் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். என்றைக்கு, எந்த நேரத்தில், என்ன செய்தான் என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் அவர் முடிவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்து மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன். இங்கிலாந்தின் வைட் தீவுக் குழந்தைகளைப் பற்றி மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், பொதுவாக 100 குழந்தைகளில் சுமார் 7 பேருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. மூளையில் வேறு பாதிப்பில்லாத வலிப்புக் குழந்தைகளில் அது 29. வலிப்பை உண்டாக்கும் மூளைதான் கோபத்தையும் பயத்தையும் ஆள்கிறது. இதில் உங்கள் வளர்ப்பு எங்கே வந்தது?

ஆனால் வாயைத் திறக்காதே என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் எங்களுக்கு. தம்பிக்கும் வலிப்பு. அதற்கான பினோபார்பிட்டால் மாத்திரையை அம்மா பெருங்காய டப்பாவில் ஒளித்து வைத்திருப்பார். சத்து மாத்திரை என்றுதான் அவனிடமே சொல்லியிருந்தோம். பெரியவர்களைத் தூங்க வைக்கும் அந்த மாத்திரை சில குழந்தைகளை ஓரிடத்தில் உட்கார விடாது என்பது யாருக்குத் தெரியும்? வாத்தியார் ஸ்கேலால் அடித்தார். ஒருநாள் குழாயடியில் விழுந்தான். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கண் விழித்தவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. நனைந்த டிரவுசரைக் கையால் மூடிக்கொண்டு, "யார் யார் பார்த்தாங்கண்ணா?" என்றான். அன்று சாயங்காலம் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக் கிணற்றில் போட்டான். அதற்கு நான் அவனை அடித்தேன்.

அந்தக் கேள்வியோடுதான் உங்கள் பிள்ளையும் தினமும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். நாளைக்குக் கல்யாணம் ஆகாதே என்ற பயமா? இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த 'வலிப்பு' என்ற சொல்லையே 1999-ல் நீக்கிவிட்டார்கள். சட்டமே விட்டதை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே அம்மா! நோயின் பெயரை அவனிடம் சொல்லுங்கள். உன் தப்பில்லை என்று சொல்லுங்கள். திங்கட்கிழமையே போய் வகுப்பு டீச்சரிடமும் சொல்லுங்கள்.

தம்பி இப்போது ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கிறான். புதிதாக வேலைக்குச் சேரும் பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுவான்: "எனக்கு ஃபிட்ஸ் வரும். ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில எதையும் திணிக்காதே, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108-க்குப் போடு." அப்புறம் டீ வாங்கிவர அனுப்புவான்.