முகத்தில் மரப்பு ஊசி: பல் மருத்துவமா, மயக்கவியலா?

அம்மா, முகத்தில் மரப்பு ஊசி போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு உங்கள் மகள் "இதைத்தான் படிப்பேன்" என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் "இது" என்று தனிப் படிப்பு கிடையாது.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் கடத்துவது, மூளையிலிருந்து வரும் ஐந்தாம் கபால நரம்பு. அதன் கிளைகள் புருவ மேடு, கண்ணுக்குக் கீழுள்ள எலும்பு, கீழ்த்தாடை ஆகிய இடங்களில் சின்னத் துளைகள் வழியே வெளியே வருகின்றன. நேராகப் பார்ப்பவரின் கண்மணி வழியாக மேலும் கீழுமாய் ஒரு கோடு இழுத்தால் மூன்றும் ஏறக்குறைய அதன் மேலேயே இருக்கும். நடுத் துளை, கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. கீழே. விரலால் தடவி இடம் பார்த்து லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் அந்தப் பகுதி மட்டும் மரத்துப்போகும். உதட்டுப் பிளவு அறுவைக்காக முழு மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் இந்த நடுத் துளையில் பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடுவதுண்டு. விழித்தபின் வலி குறைவாக இருக்கும்.

கஷ்டமானது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கான ஊசி. நரம்பு எலும்புக்குள் நுழையும் இடம் தாடையின் உட்பக்கம் இருப்பதால் விரலுக்கு எட்டாது. தாடையின் முன் விளிம்புப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து, பக்கத்துச் சதை மடிப்பைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். ஊசி அதிகம் பின்னால் போனால் மருந்து காதோர உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இறங்கி, சில மணி நேரம் பாதி முகம் கோணிவிடும், அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாது. இரத்தக் குழாயில் குத்தவில்லை என்று சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்துப் பார்த்த பிறகே மருந்தைத் தள்ள வேண்டும். கைதேர்ந்தவர்கள் போட்டாலும் சில நேரம் சரியாக மரக்காது.

சரி, படிப்புக்கு வருவோம். பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். பயிற்சியோடு 5 ஆண்டு. இந்த ஊசியைத் தன் கையாலேயே, படிக்கும்போதே போட ஆரம்பிப்பது இங்கேதான். அப்புறம் அதன் மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸை அறுவைப் பிரிவில் 3 ஆண்டு படித்தால் வாய், முக, தாடை அறுவை நிபுணர். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மேலே மயக்கவியலில் (அறுவைக்கு மயக்கமும் மரப்பும் கொடுக்கும் துறை) எம்.டி. 3 ஆண்டு, அவர்களுக்கு முகம் ஒரு சிறு பகுதிதான், உடல் முழுக்க பிளாக் போடுவார்கள். மயக்கவியல் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி.யும் உண்டு. நல்ல வேலை, ஆனால் மருந்தையும் கருவியையும் தயார்செய்து தருவதோடு சரி, ஊசி போடுவது மருத்துவர். சேர்வதற்கு முன்பே இதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

முகம்தான் வேண்டும் என்றால் விருப்பப் பட்டியலில் பி.டி.எஸ்.ஸைத் தயங்காமல் முதலில் எழுதச் சொல்வேன். "டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் போவது" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு, சொந்த கிளினிக்குக்கு முதலீடு வேண்டும். அதனால் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால் இருமுறை யோசியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு, சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.