கடைய வாங்குறீங்களா, விசாவ வாங்குறீங்களா?

அண்ணனுக்கு வணக்கம்.

நான் மார்த்தாண்டம் பக்கம் பேக்கரி வச்சிருக்கேன், அதுக்கு முன்னால 13 வருஷம் கல்ஃப்ல. வயசு 44. மூத்தவளுக்கு 17, ப்ளஸ் டூ படிக்கா, இளையவன் எட்டாங் கிளாஸ். நாகர்கோவில்ல ஒரு கன்சல்டன்ட்டப் பாத்தேன், இனி வேலைக்குப் போகாதீங்க, முதலாளியா போங்கன்னு சொன்னாரு. அமெரிக்கால ஒரு லட்சம் டாலருக்கு ஒரு கடை வாங்கினா ஈ-2 விசா, குடும்பத்தோட போகலாம், நடுவுல கிரெனடான்னு ஒரு நாட்டு பாஸ்போர்ட் எடுக்கணும், அது சும்மா பேப்பர் வேலதான், போட்ட பைசாவுக்கு கேரன்ட்டின்னு சொல்லுதாரு. ஃபைல் ஓபன் பண்ண 5 லட்சம் அட்வான்ஸ் கேக்காரு. அருமனை பக்கம் அப்பா தந்த ரப்பர் விளை (தோட்டம்) ஒண்ணரை ஏக்கர் கிடக்கு, பால் வெட்டுக்கு ஆள் கிடைக்கல. அத குடுத்துட்டு பேங்க்ல கொஞ்சம் லோனும் போட்டா ஒப்பேறும்னு நினைக்கேன். வீட்டுக்காரிக்கு மனசில்ல. நீங்க வெளிய இருந்த ஆளு, ஒரு வார்த்த சொல்லுங்க. பேரு போடாண்டாம்.

தம்பி,

உங்க பேரு போடல. ஆனா இத பொதுவுல எழுதுறேன், ஏன்னா இதே மாதிரி கேட்டு இன்னும் ரெண்டு பேரு எழுதிட்டாங்க, ஒருத்தரு கருங்கல், ஒருத்தரு திங்கள்சந்தை.

நான் வக்கீல் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா அந்த கிரெனடா எதுக்கு நடுவுல வருதுன்னு அவரு உங்ககிட்ட வெளக்குனாரா? ஈ-2ங்கிறது அமெரிக்கா சில நாடுகளோட போட்ட ஒப்பந்தத்துல வர்ற விசா. அந்த லிஸ்ட்ல இலங்கை இருக்கு, பாகிஸ்தான் இருக்கு, பங்களாதேஷ் இருக்கு, இந்தியா இல்ல. அதனால இந்திய பாஸ்போர்ட்டோட நீங்க பத்து கடை வாங்கினாலும் ஈ-2 கிடையாது. கிரெனடா லிஸ்ட்ல இருக்கு, பைசா கட்டுனா குடியுரிமையும் தருது, அதான் இந்த சுத்துவழி. நன்கொடை வழில போனா மட்டும் 2,35,000 டாலர், நம்ம காசுக்கு ரெண்டு கோடிக்கு மேல, அது திரும்பி வராத பைசா. ஒரு லட்சம் டாலர்னு சொன்னவரு இத எந்தக் கணக்குல எழுதினாருன்னு கேளுங்க.

இன்னொண்ணு, அந்த சுத்துவழியவும் 2022 டிசம்பர்ல அமெரிக்கா பாதி அடைச்சிட்டு. இப்படி பைசா குடுத்து குடியுரிமை வாங்குனவங்க அந்த நாட்டுல தொடர்ந்து மூணு வருஷம் குடியிருந்தாத்தான் ஈ-2 கேக்க முடியும்னு சட்டம். அப்போ நீங்க மார்த்தாண்டம் பேக்கரிய பூட்டிட்டு மூணு வருஷம் கரீபியன் கடல்ல ஒரு தீவுல இருக்கணும், என்ன செய்வீங்க அங்க, பன்னு போடுவீங்களா?

சும்மா பேப்பர் வேலைன்னு சொன்னாருல்லா, அந்தப் பேப்பர் கையில வந்த அன்னைக்கே நீங்க இந்தியன் இல்ல. நம்ம சட்டத்துல ரெட்டைக் குடியுரிமை கிடையாது, வேற நாட்டு குடியுரிமைய நீங்களா கேட்டு வாங்குனா இது தானா போயிடும். பின்னால ஓசிஐ கார்டு, அதான் வெளிநாட்டுக் குடிமகனா ஆன நம்மாளுக்கு இந்தியா தர்ற கார்டு, அத எடுக்கலாம், வரலாம் போகலாம், வீடு வாங்கலாம். ஆனா விவசாய நிலமும் தோட்டமும் ஓசிஐக்காரன் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையா வந்தா வச்சுக்கிடலாம், வித்துட்டா போச்சு. ஒங்க அப்பா தந்த அந்த ஒண்ணரை ஏக்கர இன்னைக்கு குடுத்துட்டு நாளைக்கு மனசு மாறி திரும்பி வந்தா அருமனைல ஒரு சென்ட் ரப்பர் விளை உங்க பேருல எழுத முடியாது. வீட்டுக்காரி இது எதையும் தெரியாமலே மனசில்லன்னு சொன்னாங்க பாருங்க.

இதெல்லாம் தாண்டி ஈ-2 கிடைச்சே போச்சுன்னு வைங்க. அது கிரீன் கார்டு இல்ல, அதாவது அங்க நிரந்தரமா இருக்குற அனுமதி இல்ல, அதுல இருந்து நேரா கிரீன் கார்டுக்கு வழியும் இல்ல, கடை ஓடுற வரைக்கும் புதுக்கிட்டே இருக்கணும். பிள்ளைங்களுக்கு 21 வயசு ஆனா உங்க விசாவ விட்டு வெளிய. மூத்தவளுக்கு இப்ப 17ன்னு எழுதிருக்கீங்க. கிரெனடா பேப்பருக்கு ஒரு வருஷம், அங்க குடியிருப்பு மூணு வருஷம், நீங்களே கூட்டிப் பாத்துக்கிடுங்க.

கிரீன் கார்டே வேணும்னா ஈபி-5ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நம்ம பாஸ்போர்ட் போதும். ஆனா குறைஞ்சது 8 லட்சம் டாலர், வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள இடத்துலயோ கிராமப்புறத்துலயோ போட்டா அந்த ரேட், மத்த இடம்னா 10,50,000. பத்து பேருக்கு முழுநேர வேலை உண்டாக்கணும். ஏழு கோடிக்கு நானும் நீங்களும் எங்க போவோம், அத விடுவோம். எதுக்கு சொல்றேன்னா அந்தச் சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு, போட்ட பைசா நஷ்டமாகவும் வாய்ப்பு இருக்கணும், கேரன்ட்டியா திருப்பித் தாரேன்னு எழுதிக் குடுத்தா அந்த அப்ளிகேஷனே செல்லாது. கேரன்ட்டின்னு பேசுற ஆளு எந்த விசாவப் பத்தி பேசினாலும் நான் செருப்ப மாட்டிக்கிட்டு எந்திரிச்சிருவேன்.

பைசா வந்த வழிய வேற கேப்பாங்க. நம்ம ஊர்ல விளை எப்படி விக்கிதுன்னு உங்களுக்குத் தெரியும், ஒரு கோடிக்குப் பேசி பத்திரத்துல 30 லட்சம் எழுதி மிச்சத்த மஞ்சப்பைல வாங்குறது. அந்த மஞ்சப்பை பைசாவுக்கு எந்த நாட்டு விசா ஆபீஸ்லயும் மதிப்பு கிடையாது. கல்ஃப்ல இருந்து பேங்க் இல்லாம உண்டியல்ல அனுப்புன பைசா, சீட்டு பிடிச்ச பைசா, எல்லாத்துக்கும் ரசீது எங்கன்னு கேப்பாங்க. லோன் போடுற யோசனையும் நடக்காது, வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்ப பேங்க் கடன் குடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. ஒரு ஆளு ஒரு நிதியாண்டுல இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் அனுப்பலாம், ஆனா 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற பைசாவுக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதான் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கிற வரி. ஒரு கோடி அனுப்புனா 18 லட்சம் அங்கயே பிடிச்சு வைப்பாங்க, பின்னால வருமான வரில கழிச்சுக்கலாம்தான், ஆனா அனுப்புற அன்னைக்கு அது கைல வேணும்.

எங்க மாமா ஒருத்தரு ஷார்ஜால கஃபட்டீரியா வச்சிருந்தாரு. அப்போ 51 சதவீதம் அரபாபு, அதான் அந்த ஊரு பார்ட்னர், அவரு பேருலதான் இருக்கணும், நான் லீவு நாள்ல போய் கல்லால உக்காருவேன். அரபாபு வருஷத்துக்கு ஒருக்க வருவாரு, கையெழுத்துப் போடுவாரு, ஒரு சுலைமானி குடிச்சிட்டு பைசா வாங்கிட்டுப் போவாரு, நல்ல மனுசன். அவரு செத்த பொறவு மகனுவ வந்தானுவ, லைசென்ஸ் எங்க அப்பா பேருல இருக்குன்னு சொன்னானுவ. பதினோரு வருஷம் மாமா காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு பொறோட்டா மாவு பிசைஞ்ச கடை அது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல வந்து இறங்கும்போது ரெண்டு பேக்கும் ஒரு பித்தள சமாவரும்தான் இருந்துச்சு. இப்ப அங்க சட்டம் மாறிப் போச்சு, 2021 ஜூன்ல இருந்து நிறைய தொழில்ல நூறு சதவீதமும் நம்ம பேருலயே வைக்கலாம். மாமாவுக்கு அது பிரயோஜனப்படல.

ஆனா பாருங்க, மாமா கடைய கடையாத்தான் பிடிச்சாரு. வாசல்ல எத்தன லாரி நிக்கும், பக்கத்துல தொழிலாளிங்க தங்குற எந்த கேம்ப் இருக்குன்னு ஒரு மாசம் நடந்து பாத்துட்டுதான் அட்வான்ஸ் குடுத்தாரு. அதனாலதான் பதினோரு வருஷம் ஓடிச்சு. நீங்க எனக்கு இம்புட்டு நீளமா லெட்டர் எழுதிருக்கீங்க, அமெரிக்கால அது என்ன கடைன்னு ஒரு வார்த்த இல்ல. பெட்ரோல் பங்கா, மோட்டலா, எந்த ஊரு, ஒரு நாளைக்கு என்ன யாவாரம், இப்ப வச்சிருக்கவன் ஏன் விக்கான்? உங்க பேக்கரிக்கு ஒரு ஓவன் வாங்க கோயம்புத்தூர் வரைக்கும் போய் பாத்திருப்பீங்கல்லா? விசாவே இல்லன்னாலும் இந்தக் கடைய இந்த விலைக்கு வாங்குவீங்களா, அத யோசிங்க. வாங்கமாட்டேன்னு தோணுச்சுன்னா நீங்க வாங்குறது விசாவத்தான், அது எப்ப வேணா மூடுற சரக்கு. பிரிட்டன்ல 20 லட்சம் பவுண்டு இன்வெஸ்டர் விசா 2022 பிப்ரவரில ஒரே நாள்ல நிறுத்துனாங்க, போர்ச்சுகல்ல வீடு வாங்கி எடுக்குற கோல்டன் விசா 2023ல போச்சு, ஆஸ்திரேலியா பிசினஸ் விசா 2024ல.

போகவே வேண்டாம்னு நான் சொல்லல. துபாய்ல உங்களுக்கு ஆளு தெரியும், பாஷை தெரியும், பேக்கரி தொழிலும் கைல இருக்கு, அங்க ஒரு சின்ன கடைன்னா பாஸ்போர்ட்ட மாத்தாண்டாம், விளையும் அருமனைலயே கிடக்கும். குடியுரிமை கிடைக்காது, ஆனா அது கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் போறோம்.

அந்த 5 லட்சம் இன்னும் குடுக்கலன்னா குடுக்காதீங்க. குடுத்துட்டீங்கன்னா ரசீதுல என்ன எழுதிருக்குன்னு பாத்து எனக்கு அனுப்புங்க. அடுத்த சனிக்கிழம ஒரு கல்யாண வீட்டுக்கு மார்த்தாண்டம் வாரேன், சாயங்காலமா கடைக்கு வருவேன், வீட்டுக்காரியையும் இருக்கச் சொல்லுங்க.