நெளியும் புழுவின் மூளையைப் பின்தொடர்வது: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சி. எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவின் நியூரான்களை, அது அசைந்துகொண்டிருக்கும்போதே நுண்ணோக்கியில் படமெடுப்பதைப் பற்றியவை. நியூரான் செயல்படும்போது உள்ளே கால்சியம் ஏறும், அதற்கேற்ப ஜிகேம்ப் என்ற புரதம் பச்சையாக ஒளிரும். ஒப்பிடுவதற்குக் கூடவே சிவப்பாக ஒளிரும் ஒரு புரதமும் இருக்கும். சுண்டெலி வைத்து வேலை செய்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

கேள்வி: ஊர்ந்துகொண்டிருக்கும் புழுவின் தலையை நொடிக்கு 6 வால்யூம் (அடுக்கடுக்காக எடுத்த முப்பரிமாணப் படம்) வீதம் 10 நிமிடம் படமெடுத்தேன். நியூரான்களை அடையாளம் காணும் நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்க எத்தனை வால்யூமில் கையால் லேபிள் (எது எந்த நியூரான் என்ற குறி) இட வேண்டும்?

பதில்: மொத்தம் 3,600 வால்யூம். 100 நியூரான் என்று வைத்துக்கொண்டால் 3.6 லட்சம் புள்ளிகள். அத்தனையும் கையால் ஆகாது. 5 முதல் 10 வால்யூமில் தொடங்குங்கள். எத்தனை என்பதைவிட எவை என்பதுதான் முக்கியம். முதல் பத்தை வரிசையாக எடுத்தால் ஒரே வளைவைப் பத்து முறை காட்டியதாகத்தான் ஆகும். தலை இடப்பக்கம் மடங்கியது, வலப்பக்கம் மடங்கியது, நேராக நீண்டது, பின்வாங்கித் திரும்புகையில் சுருண்டது என்று நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு எடுங்கள். லேபிள் இடாத வால்யூம்களில் என்னென்ன வளைவுகள் இருக்கின்றனவோ, அவற்றுக்கு ஏற்ப லேபிள் இட்ட படங்களைக் கணினியில் மடக்கிச் செயற்கைப் படங்களும் சேர்க்கலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள இபிஎஃப்எல் பல்கலைக்கழகக் குழு இப்படிச் செய்து, முழுக்கக் கையால் செய்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம் கண்டது. பயிற்சி முடிந்ததும் மாடல் தடுமாறும் வால்யூம்களைத் தேடித் திருத்தி, மறுபடி பயிற்றுவியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் சரியாகிவிடும்.

கேள்வி: படங்களைக் கண்ணாடிப் பிம்பமாக இடவலம் மாற்றியும் பயிற்சியில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. சுழற்றலாம், மடக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிம்பம் ஆக்கினால் இடது நியூரான் வலது இடத்தில் போய் உட்காரும், லேபிளோ பழையபடியே இருக்கும். ஏஎஸ்இ என்ற உணர்வு நியூரான் இணையில் இடதும் வலதும் உணரும் அயனிகளே வேறு. அவற்றைக் குழப்பிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

கேள்வி: என் நெட்வொர்க் சரியாக ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நொடிக்கு எத்தனை வால்யூம், ஒரு வால்யூமில் எத்தனை அடுக்கு, எக்ஸ்போஷர் எவ்வளவு, சிவப்பு சானலில் ஒரு வால்யூம் எப்படித் தெரிகிறது, தவறு எந்த நிலையில் வருகிறது, இவ்வளவும் எழுதி அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: நியூரான்களின் உட்கருக்கள் இழுபட்டுக் கோடாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் குறை நெட்வொர்க்கில் இல்லை, எக்ஸ்போஷர் நேரம் அதிகம்.

கேள்வி: நடுவில் இரண்டு நியூரான்கள் அடையாளம் மாறிவிடுகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிவப்பு சானலைப் பாருங்கள். சிவப்புப் புரதம் கால்சியத்துக்கு மசியாது. ஒரு நியூரானின் சிவப்பு வெளிச்சம் மெல்ல மங்குமே தவிர, திடீரென்று படியாக ஏறவோ இறங்கவோ கூடாது. ஒரே நொடியில் ஒன்றில் ஏற்றமும் பக்கத்து நியூரானில் இறக்கமும் கண்டால், அங்கேதான் மாறியிருக்கிறது. ஒவ்வொரு வால்யூமையும் முந்தையதோடு மட்டும் பொருத்திச் சங்கிலியாகப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஓரிடத்தில் வந்த பிழை கடைசி வரை கூடவே வரும். எல்லா வால்யூமையும் பொதுவான ஒரு வால்யூமோடு நேரடியாகப் பொருத்துங்கள். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட எஃப்டிஎன்சி என்ற முறை இந்த வழியில் போவதுதான்.

கேள்வி: புழுவின் நியூரான் செயல்பாட்டிலிருந்து அதன் வேகத்தை 95 சதவீதத் துல்லியத்தோடு கணிக்கிறேன். ஒப்பீட்டுக்காக ஜிஎஃப்பி (கால்சியத்துக்கு மசியாத பச்சைப் புரதம்) உள்ள புழுக்களைப் படமெடுக்க நேரமில்லை. ஆய்விதழில் கேட்பார்களா?

பதில்: கேட்கிறார்களோ இல்லையோ, அது இல்லாமல் வெளியிடாதீர்கள். இதே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் விரிவாகவே சொல்கிறேன்.

புழு வளையும்போது உட்கருக்கள் நெருங்குகின்றன. பக்கத்து நியூரானின் ஒளி உங்கள் நியூரானின் கட்டத்துக்குள் கசிகிறது. குவியம் சற்று விலகுகிறது. ஒரு வால்யூம் எடுத்து முடிப்பதற்குள் தலை நகர்ந்துவிடுகிறது. இத்தனையும் பச்சை சானலில் ஏற்ற இறக்கமாகப் பதிவாகும். அது வெறும் இரைச்சலாக இருந்தாலாவது சராசரியில் கரையும். ஆனால் இது நடத்தையோடு கைகோத்து வருகிறது, ஏனென்றால் அசைவேதான் நடத்தை. வேகத்தைக் கணிக்கச் சொன்னால் மாடல் இந்தக் கசிவைப் பிடித்துக்கொண்டு அழகாகக் கணித்துவிடும். மூளையைப் படித்ததாக நாம் நினைத்துக்கொள்வோம்.

பச்சையைச் சிவப்பால் வகுத்துவிட்டேன், அதனால் சரியாகிவிட்டது என்பார்கள். முழுக்கச் சரியாகாது. இரண்டு சானலும் ஒரு பிக்சல் விலகியிருந்தாலே விகிதம் ஆடும். சிவப்பு மங்கலான நியூரானில் வகுத்தால் இரைச்சல் பெருகும். இரண்டு நிறங்களின் ஒளிமங்கும் வேகமும் வேறு. முதலில் பல நிறத்தில் ஒளிரும் நுண்மணிகளை வைத்துச் சானல்களைப் பொருத்துங்கள். ஒளிமங்கலை ஒவ்வொரு சானலிலும் தனித்தனியே திருத்துங்கள். டிமேக் போன்ற இரு சானல் திருத்த முறைகள் விகிதத்தைவிட மேலானவை, ஆனாலும் அவை ஜிஎஃப்பி புழுவுக்கு மாற்று அல்ல.

செய்ய வேண்டியது இதுதான்: ஜிகேம்புக்குப் பதில் கால்சியத்தை உணராத ஜிஎஃப்பி உள்ள நாலைந்து புழுக்களை அதே நுண்ணோக்கியில், அதே எக்ஸ்போஷரில், அதே நிரல் வழியே கொண்டுபோங்கள். அதே மாடலை அவற்றிலும் பயிற்றுவித்து வேகத்தைக் கணியுங்கள். அங்கே வரும் எண்தான் உங்கள் பூஜ்யம். ஜிகேம்ப் புழுவின் எண் அதற்கு எவ்வளவு மேலே நிற்கிறதோ, அவ்வளவுதான் மூளையிலிருந்து வந்தது.

இன்னொன்று. 95 சதவீதம் எதில்? வேகம் தொடர்ச்சியாக மாறும் அளவு. விளக்கப்பட்ட மாறுபாடா, முன்னே பின்னே என்ற இரு பிரிவா என்று எழுதவே இல்லை. சோதனை வால்யூம்களைக் குலுக்கிப் போட்டு எடுத்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நொடிக்கு 6 வால்யூம் என்றால் அடுத்தடுத்த வால்யூம்களுக்கு இடைவெளி 0.17 நொடி, ஜிகேம்ப் 6எஸ் வகை அணைய ஒரு நொடிக்கு மேலாகும். அதாவது சோதனையில் உள்ளதன் இரட்டைப் பிள்ளை பயிற்சியில் ஏற்கெனவே இருக்கிறது. பதிவின் நடுவே தொடர்ச்சியான ஒரு பகுதியை, 4 நிமிடமாவது, ஒதுக்கிவைத்து அதில் சோதியுங்கள். இரு ஓரத்திலும் பத்துப் பதினைந்து நொடியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: விலங்கின் உடற்புள்ளிகளைப் பின்தொடரும் டீப்லேப்கட் மென்பொருளை நியூரான்களுக்கே பயன்படுத்தலாமா?

பதில்: அது மூக்கு, காது, பாதம் போல் ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தெரியும் புள்ளிகளுக்கு. நியூரான் உட்கருக்கள் எல்லாம் ஒரே மாதிரி உருண்டைகள். அக்கம்பக்கத்தை வைத்துத்தான் அடையாளம். புழுவின் உடல் வளைவை அளக்க அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நியூரான்களை நிறத்தால் அடையாளம் காட்டும் நியூரோபால் புழு இனம் கட்டாயமா?

பதில்: பின்தொடர மட்டும் என்றால் வேண்டாம். இது ஏவிஏ, இது ஆர்ஐபி என்று பெயர் சொல்ல வேண்டுமென்றால், அல்லது புழுவுக்குப் புழு ஒப்பிட வேண்டுமென்றால், வேண்டும்.

கேள்வி: இடம் போதாமல், அடுக்குகளை ஒரே தட்டைப் படமாக்கும் மேக்ஸ் ப்ரொஜெக்‌ஷனை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிட்டேன். முப்பரிமாணத்தை மீட்கலாமா?

பதில்: முடியாது. 25 அடுக்கு, 512 பிக்சல் சதுரம், இரண்டு சானல், நொடிக்கு 6 வால்யூம், 10 நிமிடம்: சுமார் 95 ஜிபி. அழிப்பதற்கு முன் வட்டின் விலையைப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: மினிஸ்கோப் (தலையில் பொருத்தும் குட்டி நுண்ணோக்கி) மாட்டிய சுண்டெலி பின்னங்காலில் எழுந்து நிற்கும்போதெல்லாம் செல்கள் மின்னுகின்றன. உண்மையான செயல்பாடா?

பதில்: ரத்தக் குழாய்களும் கூடவே அசைகின்றனவா என்று பாருங்கள். அசைந்தால் முதல் சந்தேகம் அசைவின் மேல்தான். வி4 மினிஸ்கோப்பின் எடை 2.6 கிராம், எலியோ 25 கிராம். மண்டையோட்டில் ஒட்டிய தளம் தளர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலும் படத்தில் விழும். பல் சிமென்டைச் சோதித்து, நார்ம்கோர் நிரல் கொண்டு துண்டுதுண்டாக அசைவைத் திருத்துங்கள். மினிஸ்கோப் தருவது போன்ற ஒற்றை ஃபோட்டான் படத்தில் செல்களின் ஒளியைப் பிரித்தெடுக்கச் சிஎன்எம்எஃப்-இ முறை ஏற்றது. பின்னணி ஒளியைத் தனியாகப் பிரிக்கும். எலியிலும் ஜிஎஃப்பி ஒப்பீட்டுச் சோதனை வேண்டும்.

கேள்வி: 488 நானோமீட்டர் லேசர் பட்டதும் புழு ஓடுகிறது. இயல்பான நடத்தை கிடைக்கவில்லை.

பதில்: புழு நீல ஒளியை உணர்ந்து விலகும். ஒளியை உணர உதவும் லைட்-1, குர்-3 மரபணுக்கள் இரண்டும் செயலிழந்த இனத்தில் செய்யுங்கள், லேசரையும் முடிந்தவரை குறையுங்கள். ஜிஎஃப்பி புழுக்களும் அதே மரபுப் பின்னணியில் இருக்கட்டும்.