பள்ளிப் பணிப்பயிற்சியை எங்கே செய்வது? கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடித்தபின் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டுக்கு வந்திருக்கிறேன். பதினாறு வாரப் பணிப்பயிற்சியைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும்படி அந்தப் பழைய பள்ளி அழைக்கிறது. முழு வகுப்புகளும் தருவார்களாம், ஓரளவு சம்பளமும் உண்டாம். "கடைசியில் தலைமையாசிரியர் கையெழுத்துதானே வேண்டும்" என்கிறார்கள் தோழிகள். அங்கே போகலாமா? பி.எட். முடித்தபின் நான் எழுத வேண்டிய தேர்வுகள் எவை?

பதில்: அந்தப் பள்ளியின் அழைப்பை ஏற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சம்பளம் வாங்குவது தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே நீங்கள் மறுபடியும் வேலைதான் பார்ப்பீர்கள், பயிற்சி பெற மாட்டீர்கள். ஏற்கெனவே இரண்டு ஆண்டு பாடம் நடத்தியவர் என்பதால் முதல் நாளே ஆறேழு பாடவேளைகளை உங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். உங்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று மாலையில் எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்.

விதி சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்.டை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இரண்டாண்டாக்கின. பள்ளியில் கழிக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரங்கள் என்றும், அதில் 4 வாரங்கள் முதலாண்டிலும் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டிலும் வர வேண்டும் என்றும் அவை வகுத்தன. கல்லூரி வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும், பணிப்பயிற்சிக்கோ 90 விழுக்காடு வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட்டால் 16 வாரம் என்பது 80 நாள். அதில் நீங்கள் வராமல் இருக்கக்கூடியது எட்டே நாள். வகுப்பறையில் கழியும் நேரத்துக்கு விதியே கூடுதல் மதிப்புத் தருகிறது என்பதை இந்த வேறுபாட்டிலிருந்து புரிந்துகொள்ளலாம். பள்ளிக்கே போகாமல் பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பது எனக்கும் தெரியும். அது பொய்யான வருகைப் பதிவு என்பதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

அந்த ஒழுங்குமுறைகளின்படி பாடம் நடத்தத் தொடங்கும் முன், வழக்கமான ஆசிரியர் நடத்தும் வகுப்புகளை ஒரு வாரம் உற்றுநோக்க வேண்டும். உங்கள் பாடங்களை, அந்தப் பள்ளியில் உங்களைக் கவனித்துக்கொள்ளும் வழிகாட்டி ஆசிரியரும், கல்லூரிப் பேராசிரியரும், உடன் பயிலும் மாணவ ஆசிரியர்களும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான நடுநிலை வகுப்புகள், அவற்றுக்கு மேற்பட்ட வகுப்புகள் ஆகிய இரு நிலைகளிலும் அனுபவம் வேண்டும். சம்பளத்துக்கு ஆள் தேடும் பள்ளி இவற்றில் எதையும் செய்து தருவது அரிது.

ஒருவர் கூட இருந்து பார்ப்பதால் என்ன கிடைத்துவிடும் என்று நீங்கள் கேட்கக்கூடும். கல்வியியல் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்குச் சென்ற ஒரு பள்ளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் முழுக்கள் பாடம். "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்று முதல் நாள் பெருக்கல் விதியை மாணவ ஆசிரியை அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்; பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்பித்திருந்தார்கள். மறுநாள் மூன்றாம் வரிசைப் பையன் கரும்பலகையில் −3 − 4 = +7 என்று எழுதினான். "தப்பு, மைனஸ் ஏழு" என்று அழித்துத் திருத்திவிட்டு அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். பாடக்குறிப்பில் அதற்குமேல் இடமும் இல்லை. மாலையில் வழிகாட்டி ஆசிரியர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "அவன் ஏன் ப்ளஸ் போட்டான்?" முதல் நாள் சொன்ன விதியைப் பையன் மறக்கவில்லை. அதைக் கூட்டல் கழித்தலுக்கும் உரியது என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆக, பிழை விதியைச் சொன்ன விதத்தில் இருந்தது. அடுத்த நாள் அந்த ஆசிரியை, கடையில் மூன்று ரூபாய் கடன், இன்னும் நான்கு ரூபாய் கடன், ஆக மொத்தம் எவ்வளவு என்று தொடங்கினார். பையன் தானே எழுந்து வந்து விடையை மாற்றினான். அவர் தனியாகவே நடத்திக்கொண்டிருந்தால் அந்தப் பிழை அரையாண்டுத் தேர்வு விடைத்தாளில்தான் கண்ணில் பட்டிருக்கும்; அப்போதும் அது பையனின் கவனக்குறைவு என்றுதான் தோன்றியிருக்கும்.

ஏற்கெனவே அனுபவம் உள்ள உங்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இரண்டு ஆண்டில் படிந்துவிட்ட பழக்கங்கள் நமக்கே தெரிவதில்லை. முன்வரிசையிலேயே கேள்வி கேட்பது, விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்கியதும் வகுப்புக்கே புரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது, கரும்பலகையோடு பேசுவது ஆகியவற்றை நமக்குச் சொல்ல இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும்.

ஆகவே, நீங்கள் வசிக்கும் ஊருக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியையோ, அரசு உதவிபெறும் பள்ளியையோ கேளுங்கள். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள பள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே நீங்கள் வழிகாட்டி இல்லாத மாற்று ஆசிரியராகிவிடுவீர்கள். இந்த ஒதுக்கீட்டை நீங்களே நேரில் போய்ப் பேசி முடிக்க இயலாது. கல்லூரி முதல்வர் வழியாக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வர வேண்டும். எனவே கல்லூரி பட்டியல் தயாரிக்கும் முன்பே உங்கள் விருப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பட்டியல் போனபின் மாற்றுவது கடினம்.

பள்ளிக்குப் போனதும் பத்தாம் வகுப்பைக் கேட்டு ஏமாற வேண்டாம். பொதுத்தேர்வு வகுப்பைப் பயிற்சிக்கு வருபவரிடம் ஒப்படைக்கத் தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவும் ஏழு அல்லது எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவும் கிடைத்தால் போதும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளும் அவற்றை ஒட்டிய விடுமுறைகளும் நடுவே வரும் என்பதால், எந்த வாரத்தில் எந்தப் பாடம் என்று வழிகாட்டி ஆசிரியரோடு உட்கார்ந்து தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் அடைவுத் தேர்வை, நீங்கள் நடத்திய பாடம் முடிந்த வாரத்திலேயே வைத்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்களுக்கு விடைத்தாளை அலசிப் பார்க்க நேரம் இருப்பதில்லை. பதிவேட்டில் மதிப்பெண் வரைபடம் மட்டும் அழகாக இருக்கும். விடுப்பில் போன ஆசிரியர்களின் வகுப்புகளுக்கெல்லாம் "டிரெயினிங் டீச்சரை அனுப்புங்கள்" என்பார்கள். ஒன்றிரண்டை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளலாம். அதுவே தினசரி வழக்கமானால், நீங்கள் சொல்வதைவிட மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் தலைமையாசிரியரிடம் சொல்வதுதான் எடுபடும்.

இனி தேர்வுகள். தமிழ்நாட்டில் ஆசிரியர் உரிமம் என்று தனியாக ஒரு சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. பட்டம், தகுதித் தேர்வு, பணி நியமனத் தேர்வு மூன்றும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. உங்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும், மொழிப்பாடம், ஆங்கிலம் மூன்றுக்கும் தலா 30, கணிதம் மற்றும் அறிவியலுக்கு 60. பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி 60 விழுக்காடு. ஏழு ஆண்டுகள் மட்டுமே செல்லும் என்றிருந்த சான்றிதழ் 2021இல் வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கதாக மாற்றப்பட்டது. ஆனால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக, தகுதித் தேர்வில் தேறியவர்களும் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வைத் தனியே எழுத வேண்டும். மற்றொரு வழி, எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் கொண்டு, மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு அதே வாரியத்தின் தேர்வை நேரடியாக எழுதுவது. அதற்குத் தகுதித் தேர்வு கேட்கப்படுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்று எண்ண வேண்டாம். பி.எட். தொடக்கநிலை வகுப்புகளுக்கு உரிய தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது.

இந்தத் தேர்வுகள் எல்லாம் எழுத்துத் தேர்வுகள். நீங்கள் வகுப்பில் நின்று பேசுவதை இவற்றில் எவரும் பார்க்கப்போவதில்லை. வேலை கிடைத்தபின் சக ஆசிரியர் ஒருவர் உங்கள் வகுப்பில் வந்து உட்காருவதும் நம் பள்ளிகளில் வழக்கமில்லை. பதினாறு வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சம்பளம் இல்லாமல் நான்கு மாதம் எப்படி ஓட்டுவது என்ற கவலை உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் வரிகளுக்கிடையில் தெரிகிறது. பழைய பள்ளி உங்களை உண்மையிலேயே விரும்பினால், அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் பட்டத்தோடு சேர்வதாகச் சொல்லிப் பாருங்கள். பி.எட். முடித்தவருக்கு இப்போது சொல்லும் தொகையைவிடக் கூடுதலாகத்தான் அவர்கள் தர வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் மாலை நேரத் தனிப்பயிற்சி வகுப்பு எடுப்பதில் தவறில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மறுநாள் பாடக்குறிப்பை எழுத அதே மாலைதான் இருக்கிறது.