புறநகர் அடுக்ககத்தில் அப்பா, அம்மா: கேள்வி பதில்

சென்னைப் புறநகர் அடுக்ககங்களுக்குக் குடிவந்த பெரியவர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கே: அப்பாவைத் தஞ்சாவூரிலிருந்து மேடவாக்கம் கூட்டி வந்துவிட்டோம். வளாகப் பூங்காவில் பெஞ்சு இருந்தும் போகமாட்டேன் என்கிறார். ஏன் சார்?

ப: பெஞ்சு மதில் ஓரமா? ஆள் நடக்காத மூலையில் உட்கார்வது தண்டனை. லிஃப்டிலிருந்து கேட்டுக்குப் போகும் வழியில் போடச் சொல்லுங்கள். பால் வாங்கப் போகிறவரும் ஸ்கூல் வேனுக்கு நிற்கிறவரும் கண்ணில் பட வேண்டும். முதுகும் கைப்பிடியும் இல்லாத கிரானைட் பலகை வேண்டாம். மாலையிலும் சூடு இறங்காது, முழங்கால் வலிக்காரருக்கு ஊன்றி எழப் பிடியும் இருக்காது. உயரம் 45 செ.மீ., இருபுறமும் கைப்பிடி, பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க 90 செ.மீ. இடம். இரண்டு பெஞ்சென்றால் ‘ட’ வடிவில் போடுங்கள். காது மந்தமானவருக்குப் பேசுகிறவர் வாய் தெரிய வேண்டும்.

கே: அம்மாவை வாட்ஸாப் குழுவில் சேர்த்தால் பழகிவிடுவாரா?

ப: தகவல் வரும், பழக்கம் வராது. அறிவிப்பை லிஃப்டுக்குள்ளும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

கே: முதியோர் தினத்துக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறோம்.

ப: அக்டோபர் 1 அன்று போர்த்துங்கள். 2ஆம் தேதி அவருக்கு என்ன வேலை? தண்ணீர் லாரி நோட்டு, நூலக அலமாரிச் சாவி, பொங்கல் வசூல் கணக்கு என்று பெயர் போட்டுக் கொடுங்கள். உடம்புக்கு முடியாத நாளுக்கு மாற்று ஆள் ஒருவர். ஓய்வுபெற்ற அதிகாரிகளையே தேடாதீர்கள், அம்மாக்களையும் கேளுங்கள். வீடு மகன் பெயரில் என்றால் சங்கக் கூட்டத்தில் அப்பாவுக்குப் பெரும்பாலும் ஓட்டு இருக்காது; சிறப்பு அழைப்பாளராகவாவது கூப்பிடுங்கள்.

கே: பின்பக்கத் திட்டிவாசலை, அதாவது ஆள் நுழையும் சிறு கதவை, பூட்டிவிட்டார்கள். பிள்ளையார் கோயிலுக்கு 400 மீட்டர் சுற்று.

ப: வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பெரியவருக்கு அது போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம் கூடுதல். நடுவில் உட்கார இடமில்லை என்றால் போவதையே விட்டுவிடுவார். காலை 5.30–8.30, மாலை 4.30–7.30 திறக்கச் சொல்லுங்கள். தாண்டிப் போகும்படி கீழே இருக்கும் இரும்புப் பட்டையை அறுத்தெடுங்கள். தடுக்கி விழவைப்பது அதுதான்.

இன்னொருவர்: திருட்டுப் போனால் நீங்கள் பொறுப்பா?

ப: நாள் முழுக்கத் திறக்கச் சொல்லவில்லை. அந்த ஆறு மணி நேரத்துக்கு ஒரு காவலாளி.

அவரே: சம்பளம்?

ப: முன்கேட்டில் இருவர் இருந்தால் ஒருவரை அனுப்புங்கள். ஒருவர்தான் என்றால் காலை வேளை மட்டும் திறந்து, காவலாளி செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் பிரித்துப் போடுங்கள்.

கே: பெரியவர்களுக்கென்று தனி வாட்ஸாப் குழு?

ப: மேலே பாருங்கள்.

கே: வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட மகன் கவனிப்பதில்லை.

ப: என் துறை இல்லை அம்மா. 14567 முதியோர் உதவி எண், கட்டணமில்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

கே: பஸ் டோக்கன்?

ப: 60 வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன். ஏசி பஸ்ஸில் செல்லாது.

கே: குழுவில் காலை வணக்கம் போட்டால்…

ப: வாட்ஸாப் கேள்வி போதும்.

திட்டிவாசல்காரர் மறுபடி: ஸ்கூட்டர் நுழையுமே? கம்பி நடலாமா?

ப: சக்கர நாற்காலி போகிற இடத்தில் ஸ்கூட்டரும் போகும். கம்பியால் தீராது. அதற்குத்தான் காவலாளி என்றேன்.